தர்மப் பணமும் தணிக்கையும்

பொதுப்பணத்துக்குக் கணக்கு வைப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால், இது குமாஸ்தாக்களின் விஷயம் என்று சொல்லி நமது தொண்டர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். மேடையில் பேசவும் ஊர்வலத்தில் முன்னிற்கவும் துணிந்தவனுக்குச் சிட்டையும் பேரேடும் எதற்கு என்ற எண்ணம் நம்மிடையே வெகுநாளாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் நமது தேசிய இயக்கம் கற்ற பெரிய பாடங்களில் ஒன்றைப் பேரேடும் தராசுமே கற்பித்தன. அந்தப் பாடம் நடந்த இடங்களில் ஒன்று திருப்பூர்.

திருப்பூர் என்றவுடன், 1932-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர்நீத்த குமரனின் நினைவு வருவது இயற்கை. அந்த நினைவுக்குத் தலைவணங்குகிறோம். அதே ஊரில், அதே காலத்தில், கோஷமும் கூட்டமுமின்றி மற்றொரு வேலையும் நடந்து வந்தது. அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமை நிலையம். சுற்றுக் கிராமங்களில் பெண்கள் நூற்ற நூல் எடைபோட்டு வாங்கப்பட்டு, நெசவாளர் கைக்குச் சென்று, துணியாகத் திரும்பிக் கதர்க் கடைகளுக்குப் பிரயாணப்பட்டது. இந்த வேலைக்கு மூலதனம் பொது ஜனங்களின் நன்கொடை. ஆகவே சர்க்கா சங்கத்தை ஒரு துணி வியாபார ஸ்தாபனம் என்று மட்டும் கருதுவது சரியன்று. ஜனங்கள் கொடுத்த பணத்தைக் கூலியாகவும் கடனாகவும் மானியமாகவும் ஏழைகளிடம் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்ட தர்ம ஸ்தாபனம் அது. கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை அது எவ்வாறு கேட்டது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இன்று இதைக் கிளறுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. திருப்பூரிலும் அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளிப் பகுதிகளிலும் பனியன் தொழிலிலும் நூல் ஆலைகளிலும் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதி தர்மத்துக்குச் செல்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, குளம் தூர் வாருதல், மரம் நடுதல், வைத்திய உதவி என்று அது பல வழிகளில் பிரிகிறது. 2014 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த கம்பெனிச் சட்ட விதி, குறித்த அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று கட்டளையிட்டது. பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, பட்டம் பெற்ற கணக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் கவலைப்படவில்லை.

நாம் பேசுவது சிறு ஸ்தாபனத்தைப் பற்றி. நாலைந்து தர்மகர்த்தர்கள், அரை நாள் வந்துபோகும் ஒரு குமாஸ்தா, வருஷத்தில் ஐந்தோ பத்தோ லக்ஷம் ரூபாய். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது தர்மங்களை மேற்பார்வையிடத் தர்ம கமிஷனர் என்று ஓர் அதிகாரி உண்டு. நமது ராஜ்யத்தில் இந்துக் கோயில்களுக்கும் அவற்றைச் சார்ந்த தர்மங்களுக்கும் இலாகா இருக்கிறதேயன்றி, எல்லாப் பொது தர்மங்களுக்கும் என்று அப்படி ஒருவர் இல்லை. வருமான வரிக்காரர் வரியைப் பார்ப்பார். பதிவாளர் பத்திரத்தைப் பார்ப்பார். காசு உரிய பிள்ளையின் கையில் சேர்ந்ததா என்று பார்க்க இவர்களில் ஒருவரும் வரப்போவதில்லை. அது தர்மகர்த்தர்கள் தாமே செய்ய வேண்டிய வேலை.

இனி பழைய கதைக்கு வருவோம். 1921 மார்ச் இறுதியில் பெஜவாடாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, ஜூன் 30-ந் தேதிக்குள் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் திரட்டுவதென்றும், 20 லக்ஷம் ராட்டைகளை ஓடவிடுவதென்றும் நிச்சயித்தது. கோடி ரூபாயும் சேர்ந்தது. தேசம் அதிசயித்தது. ஆனால் பணம் சேர்க்கப் போதிய உத்ஸாகம், பணத்தைச் சரியாகச் செலவிடுவதற்குப் போதவில்லை. ராட்டையைக் கொடுத்துவிட்டால் நூல் தானே வரும் என்று நம்பியவர்கள் அநேகர். எத்தனை ராட்டைகள் வழங்கினோம் என்ற எண்ணிக்கை கிடைத்தது. அவற்றில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை பரணில் கிடக்கின்றன என்ற எண்ணிக்கை கிடைப்பது அரிதாயிற்று. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தர்ம ஸ்தாபனங்களின் கஷ்டத்தில் பாதி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸில் அகில இந்தியக் கதர் போர்டு அமைந்தது. அதன் தலைவர் சேத் ஜம்னாலால் பஜாஜ். 1925 செப்டம்பரில் பாட்னாவில் சர்க்கா சங்கம் பிறந்தபோது, போர்டுகளின் சொத்துக்கள் மட்டுமன்றி அவை தீர்க்க வேண்டிய பாக்கிகளும் அதன் தலையில் ஏறின. காந்தியடிகள் தலைவர், ஜம்னாலால் பொக்கிஷதார், சங்கர்லால் பாங்கர், ஜவாஹர்லால் நேரு, ஷுவைப் குரேஷி ஆகியோர் காரியதரிசிகள். முதல் வகுப்பு அங்கத்தினருக்குச் சந்தா பணமாக அன்று, நூலாக வைக்கப்பட்டது: கதர் உடுத்துகிறவராய், மாதந்தோறும் தம் கையால் நூற்ற 1,000 கெஜம் நூல், அதுவும் நன்றாக முறுக்கேறிய ஒரே சீரான நூல் தர வேண்டும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ரூபாயைப் பார்த்து அது எவ்வாறு வந்ததென்று சொல்ல முடியாது. நூலைப் பார்த்தால் சொல்லலாம். அதன் நம்பர், பலம், சமம் ஆகியவற்றைச் சோதித்தால் நூற்றவர் உட்கார்ந்து நூற்றாரா, பேருக்கு இழுத்தாரா என்பது தெரிந்துவிடும். சாபர்மதியில் மகன்லால் காந்தியின் மேற்பார்வையில் நூல் சோதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது.

காந்தியடிகளுக்கு இந்த வழக்கம் திடீரென்று வந்ததன்று. 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிய நாளிலிருந்தே சிறு தொகைக்கும் ரசீது கொடுத்தவர் அவர். பிற்பாடு அந்தக் காங்கிரஸுக்கு வாடகை வரும் சொத்துச் சேர்ந்து, அவர் அந்த நாட்டை விட்டு வந்தபின் தர்மகர்த்தர்களுக்குள் தகராறு மூண்டு வாடகைப் பணம் கோர்ட்டில் போய்த் தங்கியது. நிரந்தர நிதியைக் கட்டிக்கொண்டு ஒரு பொது ஸ்தாபனம் ஜீவிக்கலாகாது, வருஷா வருஷம் ஜனங்கள் கொடுப்பதைக் கொண்டே வாழ வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்ததற்கு இந்த அனுபவமும் காரணம். இன்று மூலதனம் போட்டு வட்டியில் நடக்கும் தர்மங்கள் எத்தனையோ உண்டு. அவையெல்லாம் கெட்டுவிட்டன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டுவிட்டால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணமும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அத்தகைய ஸ்தாபனத்துக்குத் தணிக்கை இரண்டு மடங்கு வேண்டும்.

1925 பிப்ரவரி 6-ந் தேதி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தைப் பெரியார் ஈ. வெ. ராமசாமி திறந்து வைத்தார். (பின்னாளில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவரும் அன்று ஒரே ராட்டையின் இருபுறமும் நின்றார்கள் என்பதை இக்காலத் தொண்டர்கள் நினைவில் வைப்பது நல்லது.) மழை பொய்த்துப் பயிர் கருகிய பிரதேசம் அது. பஞ்சைப் பெற்றுச் செல்லவும் நூலைத் திருப்பித் தரவும் பெண்கள் கிராமங்களிலிருந்து நடந்து வந்தனர். திருப்பூரைச் சேர்ந்த நிலையங்களிலும் வேலையின் ரூபம் இதுவே. பஞ்சு நிறுத்துக் கொடுக்கப்படும். நூல் நிறுத்து வாங்கப்படும். சேதாரம் எவ்வளவு, நம்பர் என்ன, கூலி எவ்வளவு என்பது அங்கேயே தீரும். நூற்றவள் எதிரில் நிற்கிறாள். தராசு நடுவில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் விழும் ஒவ்வொரு வரிக்கும் உயிருள்ள ஒரு சாட்சி உண்டு.

இது வெகு சுலபமான விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் உதவி செய்கிறவனும் உதவி பெறுகிறவனும் ஒருவரையொருவர் பாராமல் காகிதம் மட்டும் நடுவில் ஓடும் இக்காலத்தில், அந்தத் திண்ணைத் தராசுக்கு நிகரான தணிக்கையை நாம் அதிகம் காண்பதில்லை.

சர்க்கா சங்கத்துக்கு வந்த சோதனைகளில் இரண்டு மிகவும் முக்கியமானவை. முதலாவது 1935-ல் வந்தது. அதுவரை கதரை எவ்வாறு மலிவாக்குவது என்பதிலேயே சங்கத்தின் புத்தி சென்றது. துணி நயமாயிற்று, விலை இறங்கிற்று, விற்பனை கூடிற்று. ஆண்டறிக்கை படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் யாருக்காக இவ்வளவும் தொடங்கப்பட்டதோ அந்த நூற்கும் பெண்ணின் கூலி மிகச் சொற்பமாகவே நின்றது. கதரை வாங்கும் நகரவாசிக்கு விலை குறைய வேண்டுமென்று அவளுடைய வயிறு சுருங்கியது. காந்தியடிகள் இதைக் கண்டார். கண்ட பின் சும்மா இருக்கவில்லை. எட்டு மணி நேரம் திறமையாக நூற்கும் ஒருத்திக்கு விஞ்ஞான முறையில் கணக்கிட்ட உணவுக்கும் வருஷத்துக்கு 20 கெஜத் துணிக்கும் போதுமான கூலி கிடைக்க வேண்டுமென்று 1935 அக்டோபரில் சங்கம் தீர்மானித்தது. நாளைக்கு எட்டணா என்பது அவர் முன் வைத்த லட்சியம். அது உடனே கைகூடவில்லை. என்றாலும் கூலி உயர்ந்தது. துணி விலையும் உயர்ந்தது. விற்பனை விழுந்துவிடும் என்று அஞ்சிய ஊழியர்கள் அநேகர். அவர்கள் அஞ்சியதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் தீர்மானம் நின்றது. நிர்ணயித்த கூலியைக் கொடுக்காத வியாபாரிக்குச் சங்கத்தின் அத்தாட்சிப் பத்திரம் இல்லை என்றும் ஆயிற்று.

பத்திரம் இல்லாமலே கதர் விற்றவர்கள் அக்காலத்தில் உண்டு. மில் நூலைக் கலந்து நெய்து கதரென்று விற்றவர்களும் உண்டு. மலிவான துணி ஜனங்களுக்கு இனித்தது. அத்தாட்சிப் பத்திரத்தை வழங்குவது எளிது. கூலி குறைத்தவனிடமிருந்து அதைப் பறிப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும் என்பதை நாம் இங்கு சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது சோதனை 1944-ல். சிறையிலிருந்து வெளிவந்த காந்தியடிகள், இருபது வருஷ வேலையைத் தாமே நிறுத்துப் பார்த்தார். சங்கத்தின் கணக்குச் சுத்தம். கூலியாகப் பட்டுவாடா ஆன தொகையும் பெரிது. எந்தத் தணிக்கைக்காரரும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: கூலிக்கு நூற்ற கிராமம் தன் துணியைத் தானே உடுத்துகிறதா, தன் காலில் நிற்கிறதா? இல்லை என்று கண்டார். ஆகவே வியாபாரக் கதரை விட்டு, கிராமம் தன் தேவைக்குத் தானே நூற்றுக்கொள்ளும் புது வழிக்குச் சங்கத்தைத் திருப்பினார். 1945-ல், கதர் வாங்குகிறவர் விலையின் ஒரு பகுதியை நூலாகத் தர வேண்டும் என்ற விதியும் வந்தது. அந்த விதி விவேகமானதா என்று அன்றும் விவாதம் நடந்தது; இன்றும் நடத்தலாம். நாம் கவனிக்கச் சொல்வது கேள்வியை. செலவு ரசீதுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு தணிக்கை. செலவு செய்ததால் நினைத்த காரியம் நடந்ததா என்று பார்ப்பது மற்றொரு தணிக்கை. முன்னதை ஒரு கணக்கர் செய்துவிடலாம். பின்னதைத் தர்மகர்த்தர்களே செய்தாக வேண்டும்.

இப்போது இன்றைய திருப்பூருக்குத் திரும்புவோம். தணிக்கை என்ற சொல்லைத் திருப்பூர்க்காரர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள துணி வியாபாரிகள் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனிகளைச் சோதிக்க ஆட்களை அனுப்புவது இங்கு பல வருஷ வழக்கம். தணிக்கை நாளில் என்ன நடக்கும் என்பது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். வழியை அடைத்திருந்த அட்டைப் பெட்டிகள் மறையும். யார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் சொல்லிக் கொடுக்கப்படும். எல்லாக் கம்பெனியிலும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இதை அறியாதவர் அங்கு இல்லை.

அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமது அண்டை நாடுகளே சாட்சி. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற துணித் தொழிற்சாலை தீப்பற்றி 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அத்தொழிற்சாலைக்கு நல்ல நிலைமைச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24-ந் தேதி வங்க தேசத்தில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட தொழிலாளர் நசுங்கி இறந்தனர். அதிலிருந்த தொழிற்சாலைகளிலும் தணிக்கைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். நமது பிரதேசத்திலேயே, மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இளம் பெண்களை நூல் ஆலை விடுதிகளில் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டத்தின் கொடுமைகளை 2011-ல் ஓர் ஐரோப்பிய அறிக்கை உலகுக்குக் காட்டியது. அந்த விவரம் ஆலையின் ரிஜிஸ்தர்களிலிருந்து வரவில்லை. வேலை செய்த பெண்களிடம் பேசியே அது சேகரிக்கப்பட்டது. நொய்யலின் கதையும் இத்தகையதே. சாயக்கழிவு சுத்திகரிக்கப்படுகிறதென்று காகிதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் வேறு சொல்லிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை காகிதம் சொன்னதே நின்றது.

இவ்வளவையும் கண்ட ஊரில் ஒரு தர்மம், தான் கொடுத்த மானியத்தை அதே மாதிரி சோதிக்குமானால் அது பரிதாபம். தேதி குறித்து, மாலை வாங்கி, பதாகை கட்டி, புகைப்படக்காரரோடு போய் இறங்கும் தர்மகர்த்தர் காண்பது தமக்காகத் தயார் செய்யப்பட்ட காட்சியைத்தான். உதவித் தொகை பெற்ற பெண்ணை மேடையில் நிறுத்தி, ஆளுயரக் காசோலையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுப்பதால் அவளுடைய வகுப்புத் தோழிகளுக்கு அவள் வீட்டு வறுமை தெரிகிறது. வேறு எதுவும் ருசுவாவதில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? பணம் கொடுக்கும் முன் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். சிபாரிசு செய்தவர் போகலாகாது. ஒரு பள்ளிக்கூடம் மூன்று லக்ஷம் கேட்கிறதென்றால், கடிதத்தைப் படித்தவர் ஒருவர், படிக்காதவர் ஒருவர் என்று இரண்டு பேர் போவது உத்தமம். முன்னவர் எழுதியதைத் தேடுவார். பின்னவர் இருப்பதைப் பார்ப்பார். மனுவைக் கேட்கிறவர் தம் தாய்மொழியில் எழுத இடம் தர வேண்டும். ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவனுக்கே பணம் என்றால், நாம் தர்மம் செய்யவில்லை, கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். ஏன் கொடுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதை இரண்டு வரியில் நிமிஷப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மறுத்ததற்குக் காரணம் எழுதும் வழக்கம் இல்லாத இடத்தில்தான் மாமனும் மச்சானும் உள்ளே நுழைகிறார்கள்.

இந்த மாமன் மச்சான் விஷயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நமது பக்கத்தில் தர்மகர்த்தர்கள் ஒருவருக்கொருவர் உறவினராகவோ, தொழில் கூட்டாளிகளாகவோ, ஒரே சமூகத்தாராகவோ இருப்பது சகஜம். அதில் தவறு காண நாம் விரும்பவில்லை. ஒரு தர்மம் தன் சமூகப் பிள்ளைகளுக்கே உதவுவதென்று பத்திரத்தில் எழுதியிருந்தால் அதையும் குறை கூறோம். எல்லோருக்கும் என்று எழுதி வைத்துவிட்டு நமக்கு வேண்டியவருக்கு மட்டும் கொடுப்பதுதான் அதர்மம். தம் உறவினரின் மனு வரும்போது தர்மகர்த்தர் எழுந்து வெளியே போக வேண்டும். அவர் போனார் என்பது நிமிஷப் புத்தகத்தில் ஏற வேண்டும். கூச்சமாக இருக்கும், வாஸ்தவந்தான். ஒரு தடவை பழகிவிட்டால் கூச்சம் போய்விடும். திருப்பூரில் இன்று ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து உழைக்கும் குடும்பங்கள் பல்லாயிரம். அவர்களுடைய குழந்தைகளுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதுவார் இங்கு யார்? தர்மகர்த்தரின் மாமனும் அவர்களை அறியார், மச்சானும் அறியார். தணிக்கையில்லாத தர்மத்தில் முதலில் விடுபட்டுப் போகிறவர்கள் இவர்களே.

பணத்தைத் தவணையாகக் கொடுப்பது நல்லது. முதல் தவணைக்குக் கணக்கு வந்தபின் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால், தவறு நேர்ந்தாலும் பாதியோடு நிற்கும். ஆனால் சிறு தொகைக்குப் பெரிய கணக்குக் கேட்பது கொடுமை. 20 ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு நாற்பது பக்க அறிக்கை கேட்கும் ஸ்தாபனங்களை நாம் அறிவோம். அந்த நாற்பது பக்கத்தை எழுத அந்தச் சிறு பள்ளிக்கூடத்தின் ஆசிரியை நாலு நாள் வகுப்பை விட வேண்டியிருக்கிறது. சிறு மானியத்துக்கு ஒரு பக்கம், ரசீதுகள், ஒரு நேர்ப் பார்வை போதும். பார்க்கப் போகிறவர் தலைமை ஆசிரியரின் அறையில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பாமல், பிள்ளைகளிடமும் ஆயாவிடமும் தனியே நாலு வார்த்தை பேச வேண்டும். சர்க்கா சங்கத்தின் தராசு நூற்கும் பெண்ணின் எதிரில் இருந்தது என்று முன்பே சொன்னோம்.

தொண்டர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. நம்பிப் பணம் கொடுத்த பின் துருவிக் கேட்பது, தொண்டு செய்கிறவனைத் திருடனென்று சந்தேகிப்பதாகாதா என்கிறார்கள். நமது அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. கணக்குக் கேட்கப்படாதவன்மீது ஊரார் எந்தப் பழியையும் போடலாம். அதை மறுக்க அவன் கையில் ஒன்றும் இராது. வருஷா வருஷம் கணக்கைக் கொடுத்தவனை ஒருவரும் அசைக்க முடியாது. 1929-ல் தம் ஆசிரமத்தில் நேர்ந்த சில்லறைப் பணத் தவறுகளை, அதில் கஸ்தூரிபாவின் சிறு பிசகு ஒன்றையும் சேர்த்து, காந்தியடிகள் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார். அதைக் கடுமை என்று சொன்னவர் உண்டு. நமக்கும் அது சற்று மிகையாகவே படுகிறது. ஆனால் அதற்குப் பின் ஆசிரமக் கணக்கைச் சந்தேகிக்க யாருக்கு இடம் இருந்தது?

ஆட்சேபத்தில் நியாயமான ஒரு பகுதியும் இருக்கிறது. மேற்பார்வை என்ற பெயரில் நிர்வாகச் செலவையே பாவமாகக் கருதுவது நம்மவர் வழக்கம். கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், அதைப் பெருக்குகிறவளின் சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். கணக்குக் கேட்கிறவன் கணக்கு எழுதுகிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? அந்நிய நாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50-லிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தப் பணத்தைப் பெற்ற ஸ்தாபனம் அதை மற்றொரு ஸ்தாபனத்துக்குக் கைமாற்றவும் தடை வந்தது. அந்நியப் பணம் எங்கே போகிறதென்று தேசம் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்தான். ஆனால் பெரிய ஸ்தாபனத்தின் வழியாகப் பணம் பெற்றுக் கிராமத்தில் வேலை செய்து வந்த சிறு சங்கங்களுக்கு அந்த வழி அடைபட்டது. இனி அவை உள்ளூர்ப் பையையே நம்ப வேண்டும். அந்த உள்ளூர்ப் பையை வைத்திருப்பவர்களில் திருப்பூர்த் தொழிலதிபர்களும் இருக்கிறார்கள் என்பதனாலேயே இவ்வளவு எழுதுகிறோம்.

கொடுத்த மானியம் பயன்படாமற் போனால் என்ன செய்வது? பெரும்பாலான தர்மங்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அடுத்த வருஷ அறிக்கையில் அந்தப் பெயர் மெல்ல மறைந்துவிடும். தென் ஆப்பிரிக்காவில் குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தையே தண்ணீர்ப் பம்பாக்கும் யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் அமெரிக்காவில் அரசாங்கமும் தர்மங்களும் சேர்ந்து அதற்காக 1 கோடியே 64 லக்ஷம் டாலர் தருவதாக அறிவித்தன. படத்தில் குழந்தைகள் சிரித்தார்கள். கிராமத்திலோ, குழந்தைகள் விளையாடாத நேரத்தில் தாய்மார்கள் குடத்தை வைத்துவிட்டு ராட்டினத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. பழுதானால் சரிசெய்வாரும் அரிது. பணம் கொடுத்த ஸ்தாபனங்களில் ஒன்றான கேஸ் பவுண்டேஷன் செய்த காரியம் போற்றத்தக்கது. எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று 2010-ல் அதன் தலைவியே பகிரங்கமாக எழுதினார். பரணில் கிடந்த நமது 1921-ம் வருஷத்து ராட்டைகளுக்கும் அப்படி யாரேனும் அன்றே கணக்கு எழுதியிருந்தால், அடுத்த மாகாணத்தின் பணமாவது மிஞ்சியிருக்கும்.

மானியத்தை நிறுத்த வேண்டி வந்தாலும் முறை உண்டு. நாளைக்கு மூடு என்று கடிதம் போடுவது முறையன்று. நடு வருஷத்தில் நிறுத்தினால் தெருவில் நிற்பது குழந்தைகள். காரணத்தை முதலில் வாய்மொழியாகக் கேட்டு, திருத்திக்கொள்ளத் தவணை கொடுத்து, அதற்கும் வழியில்லையென்றால் வருஷ முடிவில் நிறுத்தலாம். பணத்தைக் களவாடியிருந்தால் மாத்திரம் இந்தத் தாட்சண்யம் வேண்டாம்.

திருப்பூர்த் தர்மங்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம். சிறு ஸ்தாபனம் ஒவ்வொன்றும் தனித்தனியே பரிசோதகரை வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே நாலைந்து தர்மங்கள் ஒன்று கூடி, ஒன்றின் மானியத்தை மற்றொன்றின் தர்மகர்த்தர் போய்ப் பார்ப்பதென்று மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். செலவு பஸ் கட்டணம்தான். வருஷ முடிவில் யாருக்கு எவ்வளவு, எதற்காக, அது என்ன ஆயிற்று என்ற ஜாபிதாவை அச்சிட்டு ஆபீஸ் கதவில் ஒட்டலாம். மேடையில் நிறுத்தலாகாது என்று நாம் சொன்ன அந்தப் பெண்ணின் பெயர் கதவிலும் வேண்டாம். தனி மனிதருக்குச் செய்த உதவியில் தொகையும் காரியமும் இருந்தால் போதும். ஜாபிதா தமிழில் இருக்கட்டும்; பக்கத்திலேயே ஹிந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து அந்த வழியே போகும் தொழிலாளி நின்று படிப்பதற்கு அது போதும்.